ஒன்பதாம் எண் வீட்டுக் கண்ணாடி

போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஓய்வு பெற்றபின் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்பவை. இது அப்படியில்லை. பேசியவர் என் பழைய பிரிவில் இப்போது இளநிலைப் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்.

"சார், பத்து வீட்டு லைனைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. போர்டு வைக்கறதுக்கு முன்னாடி வெள்ளை அடிச்சிக்கினு இருக்கோம். ஒன்பதாம் நம்பர் வீட்ல செவுத்துல ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்குது. பழைய ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இருக்குது. எடுத்துடலாங்களா?"

"தொடாதம்மா. நான் வர்றேன்" என்றேன்.

அந்தக் கண்ணாடி எப்படி அங்கே வந்தது என்பதை நேரில் அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. பெயிண்டர்கள் ஏணியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். மீதியை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. வயதான பிறகு எழுதுகிறவர்கள் தங்கள் தவறுகளைக் கொஞ்சம் சுருக்கி எழுதுவார்கள். நான் அதைச் செய்யப் போவதில்லை.

எனக்கு ஊர் கோலியனூர். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படம் வரையக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் செங்கல் எண்ணினேன். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனபோது ஊரில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் இடம் தேடி அலைந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என்னைத் திண்டிவனத்தில், அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு பிரிவில் பணி ஆய்வாளராகப் போட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். உட்கார்ந்து போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் பொறுப்பில் இருந்ததுதான் பத்து வீட்டு லைன். வெள்ளைக்காரன் காலத்தில் அலுவலக ஊழியர்களுக்காகக் கட்டியது. ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். ஒரு வீட்டின் இடச்சுவர்தான் அடுத்த வீட்டின் வலச்சுவர். ஒவ்வொரு வீடும் பன்னிரண்டடி அகலம். முன்னறை, நடு அறை, சமையலறை, பின்னால் சின்ன முற்றம். தெருவிலிருந்து பார்த்தால் வரிசையாகப் பத்துக் கதவு, பத்து ஜன்னல், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே அளவு செங்கல் வளைவு. நடுவில் இருக்கும் ஐந்தாம் வீடும் ஆறாம் வீடும் மட்டும் அரையடி முன்னே வந்து நிற்கும். அந்த இரண்டின் மேலும் கைப்பிடிச் சுவர் முக்கோணமாக எழும்பியிருக்கும். பத்தும் சேர்ந்து ஒரே பங்களா போலத் தெரியவேண்டும் என்று கட்டியவனுக்கு ஆசை போலிருக்கிறது. தெருவில் நிற்கிறவனுக்குப் பங்களாதான். உள்ளே குடியிருந்த பியூனுக்கும் டிரைவருக்கும் காலை நீட்டிப் படுக்க இடமில்லை.

கூரையைத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரம் போட்டு மேலே செங்கல் அடுக்கியிருப்பார்கள். இங்கே மரமே கிடையாது. முன்சுவரிலிருந்து நடுச்சுவருக்கு இரும்பு கர்டர்களைப் போட்டு, ஒவ்வொரு இரண்டு கர்டருக்கும் நடுவில் செங்கல்லைச் சின்ன வளைவாகக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு மூன்று வளைவு, லைனுக்கு முப்பது. வளைவு என்றால் பக்கவாட்டில் தள்ளும். முதல் வளைவு இரண்டாவதைத் தள்ளும், இரண்டாவது மூன்றாவதை. பஸ்ஸின் கடைசி சீட்டில் நெருக்கி உட்கார்ந்தால் நடுவில் இருப்பவனுக்குக் கவலை இல்லை, ஓரத்தில் இருப்பவன்தான் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி, லைனின் இரண்டு ஓரத்திலும் இருந்த ஒன்றாம் வீட்டுக்கும் பத்தாம் வீட்டுக்கும் வெளிச்சுவர் இரண்டரை அடி கனம். போதாததற்கு அந்த இரண்டு வீடுகளிலும் கூரைக்குக் கீழே மும்மூன்று இரும்புக் கம்பிகள், வெளிச்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடும். வெளியே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இரும்புத் தகடும் நட்டும் தெரியும். உள்ளே குடியிருந்தவர்கள் அந்தக் கம்பிகளில் துணி காயப்போட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது விவரமாக எழுதுகிறேன். அப்போது எனக்கு இதன் அளவுகள் தெரியும், அர்த்தம் தெரியாது.

அர்த்தம் தெரிந்தவர் என் மேலதிகாரி, உதவிப் பொறியாளர் சூசைநாதன் சார். கண்டமங்கலத்துக்காரர். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். தோலை உரித்து அதே பைக்குள் போட்டுக்கொள்வார். பருப்பு எது, தோல் எது என்று அவர் கைக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். ஜுரம் பார்க்கிறார் என்று நாங்கள் பின்னால் கிண்டல் செய்வோம். ரெஜிஸ்டரில் 'நன்றாக உள்ளது' என்று எழுதினால் கோபம் வந்துவிடும். "நல்லா இருக்குதா இல்லையான்னு முடிவு பண்ண நீ யாருய்யா? பாத்தத எழுது, போதும்" என்பார். கத்த மாட்டார். குரல் இறங்கினால்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

நான் சேர்ந்த அடுத்த வருடம் அந்த லைனை இடித்துவிட்டு மூன்று மாடியில் அலுவலகம் கட்டலாம் என்று மேலிடத்தில் ஒரு யோசனை எழுந்தது. அதற்கு வசதியாக ஒன்பதாம் வீட்டு முன்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. பத்தாம் வீட்டை ஒட்டிய மூலையில், கூரையிலிருந்து கீழே வரை. மேலே விரல் நுழையும், கீழே தலைமுடி அளவு. அடித்தளம் களிமண்ணில் இறங்குகிறது, இனித் தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பழுது பார்க்கலாமா, இடிக்க வேண்டுமா என்று ஆறு மாதத்தில் அறிக்கை கேட்டார்கள்.

"வெரிசல் செத்துப்போனதா, உசுரோட இருக்குதான்னு மொதல்ல பாப்போம்" என்றார் சார். அதற்கு ஒரு முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே பூச்சைக் கொத்திச் செங்கல்லைக் கழுவி, ஆறு அங்குல நீளக் கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு நுனியையும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். ஈரச் சிமெண்டில் ஆணியால் தேதியைக் கீறிவிட வேண்டும். சுவர் ஒரு நூல் நகர்ந்தால் போதும், கண்ணாடி உடைந்துவிடும். உடையாவிட்டால் விரிசல் பழையது, பூசிவிட்டுப் போகலாம்.

ஆவணி மாதம் மூன்று கண்ணாடிகள் வைத்தேன். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அந்த வீட்டில் குடியிருந்தவர் ஆரோக்கியமேரி. கணவர் இறந்தபின் அவருடைய வேலை இவருக்குக் கிடைத்து, ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். இரண்டு பெண்கள். பெரியவள் அந்த வருடம் பத்தாவது. பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம். நான் ஏணியில் நின்று வேலை செய்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேரி, "இன்னாத்துக்கு சார் இது?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் பெரிய நகைச்சுவைக்காரன் என்ற நினைப்பும் எனக்கு உண்டு. "இது ஒடஞ்சா நீங்க மூட்டையக் கட்ட வேண்டியதுதாம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போவேன். ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்து, 'மூன்றும் உடையவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மேரி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுப்பார். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் போயின. அந்த வருடம் மழை நின்று பெய்தது. அப்போதும் 'மூன்றும் உடையவில்லை'. பத்தாம் வீடு பூட்டிக் கிடந்தது. குடியிருந்தவர் மாற்றலாகிப் போய், சாவி வேறொரு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. அதையும் திறந்து பார்க்கச் சொல்லி சார் மூன்று தடவை கேட்டார். சாவி வரவில்லை சார் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

மார்கழி தொடக்கத்தில் சார் ரெஜிஸ்டரை முன்னால் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது நல்ல அறிகுறி இல்லை.

"தணிகாசலம், இவ்ளோ மழ பேஞ்சிருக்குது. நல்லா இருக்கற செவுரே தண்ணி குடிச்சா கொஞ்சம் உப்பும். இந்த வெரிசல் மட்டும் அசையவே இல்லையாய்யா?"

"இல்ல சார். நான் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"வர்ற ஞாயித்துக்கெழம வா, போலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேரி வீட்டில் இருந்த நேரம். சார் உள்ளே போய் வழக்கம்போல் சுவரில் கையை வைத்தார். பிறகு நடு அறை வாசலுக்கு மேலே மாதா படம் தொங்குவதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். போட்டவர் அப்படியே நின்றார். நான் எத்தனையோ தடவை அந்த அறைக்குள் வந்து போனவன், அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. மாதாவின் முகத்தில் மெழுகுவர்த்திப் புகை படிந்திருந்தது. காகிதத்தின் ஓரம் ஈரத்தில் சுருண்டிருந்தது. சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை.

"மாதாவுக்குக் கண்ணாடி எங்கம்மா?" என்று கேட்டார் சார். குரல் இறங்கியிருந்தது.

மேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சார் என் பக்கம் திரும்பாமலே ஏணியில் ஏறினார். மேல் கண்ணாடியை நகத்தால் தட்டினார், நடுக் கண்ணாடியைத் தட்டினார், இறங்கிக் கீழே இருந்ததைத் தட்டினார். நான் வைத்தவை பழைய ஜன்னல் கண்ணாடி, கனமானவை. மேலே இருந்த இரண்டும் மெல்லிசு. சிமெண்டில் தேதி மட்டும் நான் கீறியதைப் போலவே இருந்தது, அச்சு அசலாக. கீழே இருந்தது ஒன்றுதான் நான் வைத்தது.

"ஐப்பசி மழைல பட்டுனு சத்தம் கேட்டிச்சி சார்" என்றார் மேரி. அழவில்லை. எதிரில் இருந்த தரையைப் பார்த்துப் பேசினார். "மேல இருந்தது ஒடஞ்சி இருந்திச்சி. ஒடஞ்சா மூட்டையக் கட்டணும்னு சார்தான் சொன்னாரு. பெரியவளுக்குப் பரிச்சை. இந்த வாடகைக்கு எனக்கு எவன் வீடு தருவான்? வேற கண்ணாடி வாங்கறதுக்குள்ள சார் வந்துடுவாருன்னு பயம். மாதாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். கடைல மூணு பட்டையா வெட்டிக் குடுத்தான். கார்த்திகைல நடுவுல இருந்ததும் போயிடிச்சி. அப்பறம் மேல இன்னொரு தடவ."

அந்த அறையில்தான் இரண்டு பெண்களும் பாய் விரித்துப் படிப்பார்கள், தூங்குவார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவர் நகர்ந்துகொண்டிருந்த இரண்டு மாதமும் நான் மோரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு கிண்டலால் அந்தம்மாவைப் பயமுறுத்தி, அந்தப் பயத்தையே நான் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஒடஞ்சத எல்லாம் தூக்கிப் போட்டுட்டியாம்மா?" என்று சார் கேட்டார்.

மேரி எழுந்து டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து செய்தித்தாள் பொட்டலங்கள் மூன்றை எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் பெரியவளின் கையெழுத்தில் உடைந்த தேதியும், மேலேயா நடுவிலா என்பதும் எழுதியிருந்தது. ஏன் எழுதி வைத்தாய் என்று சார் கேட்டதற்கு, "ஏமாத்தறது ஏமாத்தறோம், என்னிக்குன்னாவது தெரிஞ்சி இருக்கட்டும்னுதான் சார்" என்றார். பணி ஆய்வாளர் நான் எழுதாததை எல்லாம் பத்தாம் வகுப்புப் பெண் எழுதி வைத்திருந்தாள்.

சார் அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்துகொண்டார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. இரண்டு மல்லாட்டையை உடைத்துத் தின்றுவிட்டுச் சொன்னார்.

"மேல ரெண்டு தடவ, நடுவுல ஒரு தடவ, கீழ ஒரு தடவ கூட இல்ல. அடித்தளம் எறங்குதுன்னா கீழ இருக்கறதும்தான ஒடையணும்? செவுரு தலயச் சாய்க்குதுய்யா. பத்தாம் நம்பர் பக்கமா சாயுது. அங்க எதுவோ விட்டுப்போயிருக்குது."

அவர் சாவிக்குக் காத்திருக்கவில்லை. வெளியே போய் ஒரு செங்கல்லை எடுத்துப் பத்தாம் வீட்டுப் பூட்டை உடைத்தார். இருபது வருட சர்வீஸில் அரசுப் பூட்டை உடைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். உள்ளே அண்ணாந்து பார்த்தோம். மூன்று கம்பிகளில் நடுக்கம்பியைக் காணோம். சுவரோரமாக இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பியின் மிச்சம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றின் மேல் வெள்ளை அடித்திருந்தது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்விசிறி தொங்கியது. கூரை தாழ்வு. இறக்கை இடித்திருக்கிறது, எப்போதோ யாரோ கம்பியை அறுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு கம்பிகளும் சுவருக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடித்து விரல் கனத்துக்கு வந்திருந்தன.

முப்பது வளைவுகளின் தள்ளுதலை அந்த இரண்டு விரல்கள்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கே சவுக்குக் கம்புகள் வரவழைத்து ஒன்பதிலும் பத்திலும் முட்டுக் கொடுத்தோம். மேரியின் சாமான்களை நானும் பெண்களும் சேர்ந்து மூன்றாம் வீட்டுக்குத் தூக்கினோம். அது பழைய காகிதக் கட்டுகள் போட்டிருந்த வீடு. யாரிடமும் கேட்காமல் சார் அதைத் திறந்துவிட்டார். மாதா படத்தை மேரி யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்துப் போனார்.

அடுத்த நாள் சார் என்னை உட்கார வைத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு எழுதிய குறிப்புகளை ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் கையாலேயே, 'கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை' என்று எழுத வைத்தார். நான்கு தடவை எழுதினேன். மேரியின் பெயரை எங்கேயும் எழுத விடவில்லை. "அந்தம்மா மேல எழுதுனா, நீ சொன்ன ஜோக்கையும் எழுதணும். எழுதறியா?" என்று கேட்டார்.

அறிக்கை மூன்று வரி. விரிசல் உயிரோடு இருக்கிறது. அடித்தளத்தில் குறையில்லை. அறுபட்ட கம்பிக்குப் பதில் புதியது போட்டால் கட்டடம் நிற்கும். இடிக்க நினைத்தவர்களுக்கு முதல் வரி இனித்தது, மூன்றாம் வரி கசந்தது. விழுப்புரத்துக்குச் சார் நாலைந்து தடவை அலைந்தார். ஒரு கூட்டத்தில் பொட்டலங்களை மேசைமேல் பிரித்து வைத்து, தேதி தேதியாகச் சொன்னாராம். கடைசியில் கம்பியைப் போட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒரு கண்ணாடி உடைந்தால் லைனை இடித்துவிடுவது என்று முடிவானது.

புதிய கம்பிகள் மூன்றையும் போட்டு, வெளியே இருந்த நட்டை நாளுக்குக் கால் சுற்றாக முடுக்கினோம். "ஜல்தி வேணாம்யா. இத்தினி வருஷமா சாஞ்சத ஒரு நாள்ல நிமிர்த்தனா ஒடஞ்சிடும்" என்பார் சார். இருபத்தாறு நாள் ஆனது. விரல் நுழைந்த விரிசலில் கடைசியில் பென்சில் முனைதான் நுழைந்தது. பிறகு கண்ணாடி வைக்க வேண்டிய கட்டம் வந்தது. மேல் கண்ணாடிக்குப் பழைய ஜன்னல் கண்ணாடியை எடுத்தேன். சார் தடுத்தார். சுவரிலிருந்து முன்பு கழற்றி வைத்திருந்த மாதா படத்துப் பட்டைகளில் ஒன்று உடையாமல் இருந்தது. "மெல்லிசா இருக்கறது மொதல்ல ஒடையும். அதையே வை" என்றார். அதையே வைத்தேன். ரெஜிஸ்டரிலும் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டோம். ஒவ்வொரு தடவையும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் மேரியும் கையெழுத்துப் போட்டார். மோர் மட்டும் முன்போலவே வந்தது. முதல் இரண்டு தடவை டம்ளரைத் தொடாமலே வந்துவிட்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று, உடையவில்லை. மேரி ஒன்பதாம் வீட்டுக்கே திரும்பி வந்தார். பெரியவள் பரீட்சையை மூன்றாம் வீட்டில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே படித்து எழுதியிருந்தாள், தேறினாள். நான் செய்த தவறுக்கு ஈடாக மாதா படத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். மேரி வாங்கி ஓரமாக வைத்தார், படத்தில் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடம் பார்த்தேன். பாலங்களும் பள்ளிக்கூடங்களும் கட்டும் பிரிவுகளுக்கு மாறினேன். சூசைநாதன் சார் ஓய்வு பெற்று, சில வருடங்களில் இறந்தும் போனார். அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தச் சட்டைப்பையைத்தான் பார்த்தேன். வெறுமையாக இருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன மாதம் அந்த இளநிலைப் பொறியாளருடன் ஒன்பதாம் வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே ஆளில்லை. ஏணியில் ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் ஏறினேன். கண்ணாடி அங்கேயே இருந்தது. ஓரத்தில் படச்சட்டத்தின் பொன் வண்ணம் ஒரு கோடாக இன்னும் ஒட்டியிருந்தது. முழுசாக இருந்தது. அதைச் சுற்றி வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

திரும்பும் வழியில் கண்டமங்கலம் பஸ் ஏறினேன். மேரி ஓய்வு பெற்று அங்கே பெரிய மகள் வீட்டில் இருக்கிறார். அவள் இப்போது கணக்கு டீச்சர். கூடத்தில் அதே மாதா படம், அதே சட்டம். இன்னமும் கண்ணாடி இல்லை.

"இன்னும் போடலையாம்மா?" என்று கேட்டேன்.

"அதான் அங்க இருக்குதே சார். அது இன்னும் வேல செய்துக்கினுதான இருக்குது? முடிச்சிட்டு வரட்டும்" என்றார். இத்தனை வருடமாக நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். பிறகு, "போய்ப் பாத்தீங்களா? ஒடையலையே?" என்று கேட்டார்.

"ஒடையலம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நகத்தால தட்டிப் பாத்தேன். அந்த வீட்ல படம் எதுனா கண்ணாடி இல்லாம தொங்குதான்னும் பாத்துட்டுத்தாம்மா வர்றேன்" என்றேன்.

அன்றைக்கு ஆவணி மாதத்தில் நான் சொன்ன கிண்டலுக்கு அவர் சிரிக்கவில்லை. இதற்குச் சிரித்தார். மகளைக் கூப்பிட்டு, சாருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டு வா என்றார்.